வீட்டிலும் 192.168.1, ஆபீஸிலும் 192.168.1

நான் இருக்கிறது மதுரை கே.கே. நகர். சென்னையிலும் ஒரு கே.கே. நகர் உண்டு, திருச்சியிலும் உண்டு. மாட்டுத்தாவணியில் ஆட்டோ ஏறி "கே.கே. நகர்" என்றால், டிரைவர் எந்த ஊர் என்று கேட்கவா போகிறார்? பக்கத்தில் இருப்பதற்கு வண்டியைத் திருப்புவார். கம்ப்யூட்டரும் அப்படித்தான்.

உள் நெட்வொர்க்கில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று மூன்று முகவரி வரிசைகளை 1994-ல் ஒதுக்கினார்கள்: 10-ல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168. ரவுட்டர் கம்பெனிகள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 வைத்தே அனுப்புகிறார்கள். யாரும் அதை மாற்றுவதில்லை.

இந்தப் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். டாலி ஓடும் கம்ப்யூட்டர் 192.168.1.10. மாதம் 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி போட்டாக வேண்டும். திருநகரில் வீட்டிலிருந்து ஒரு தம்பி விபிஎன் போடுகிறார். "கனெக்டட்" என்று வருது, ஆனா டாலி திறக்கலை. அவர் வீட்டு வைஃபையும் 192.168.1. லேப்டாப்பைப் பொறுத்தவரை 192.168.1.10 இதே வீட்டில்தான் இருக்கணும். அதனால் வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டு கையை விரிக்குது. ஐபோன் ஹாட்ஸ்பாட்டில் போட்டதும் வேலை செய்தது, ஏன்னா அது 172.20.10 வரிசையில் முகவரி தரும். லைசென்ஸ், ஃபயர்வால், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட பிறகுதான் பலர் இந்த இடத்துக்கே வருகிறார்கள்.

ஒவ்வொரு ஊழியர் வீட்டு ரவுட்டரையும் மாற்ற முடியாது. மாற வேண்டியது ஆபீஸ்தான். 10.73.20 மாதிரி யாரும் சாதாரணமாக வைக்காத வரிசைக்குப் போங்க. பிரிண்டர், கேமரா எல்லாத்துக்கும் முகவரி மாத்தணும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிடும். 20-ம் தேதிக்கு முந்தின நாள் மட்டும் இதைத் தொடாதீங்க!

அடுத்தது, வெளியிலிருந்து வருபவர்களுக்கு முகவரி யார் கொடுப்பது? விண்டோஸ் சர்வரின் ரிமோட் ஆக்சஸ் அமைப்பில், ஐபிவி4 டேபில் இரண்டு வழி. டிஎச்சிபி என்று விட்டால், சர்வர் பத்துப் பத்தாக முகவரி வாங்கி வைத்துக்கொள்ளும். முதலாவது தனக்கு, மிச்சம் ஒன்பது வருபவர்களுக்கு. இரண்டு பேர் உள்ளே வந்ததற்குப் பத்து முகவரி காணாமல் போவது இதனால்தான். டிஎச்சிபி கிடைக்காமல் போனால் 169.254 என்று ஒரு முகவரி வரும், அதை வைத்து ஆபீஸுக்குள் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு ஸ்டாட்டிக் பூல்தான் பிடிக்கும். 10.73.20.200 முதல் 220 வரை என்று கொடுத்தால் 21 முகவரி. சர்வருக்கு ஒன்று போக 20 பேர். சின்ன ஆபீஸுக்கு தாராளம். ஆனா அந்த எண்களை ரவுட்டரின் டிஎச்சிபி வரிசையிலிருந்து எடுத்துவிடணும். இல்லேன்னா பிரிண்டருக்கும் வீட்டிலிருந்து வருபவருக்கும் ஒரே முகவரி விழும்.

சிலர் பூலைத் தனியாக 10.73.21-ல் வைப்பார்கள். பார்க்க சுத்தமாக இருக்கும், யார் வெளியிலிருந்து வந்தவர் என்று லாக்கில் உடனே தெரியும். அப்போது ஆபீஸ் ரவுட்டரில் ஒரு ஸ்டாட்டிக் ரூட் எழுதணும்: 10.73.21-க்குப் போகிறதெல்லாம் ரிமோட் ஆக்சஸ் சர்வர் வழியாக. அது இல்லையென்றால் கேள்வி டாலி வரை போய்ச் சேரும், பதில் ரவுட்டரோடு நின்றுவிடும்.