ஒரு வேலை போதும்

கணவன்–மனைவிக்குள் சண்டை முற்றிவிட்டால் நம் ஊர்களில் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். ஜாதகம் ஜோசியர் வீட்டுக்குப் போகும். கைப்பேசியைத் திறந்தால் ஒற்றுமைக்குப் பத்து வழி, இருபது வழி என்று யூடியூப் கொட்டும். கம்பம் பள்ளத்தாக்கில் இதையெல்லாம் யார் கடைப்பிடிக்க முடியும்? விடியுமுன் தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண், திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். வந்ததும் அடுப்பு காத்திருக்கும். அவளிடம் 'தினமும் ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசுங்கள்' என்கிறவர் அந்த ஜீப்பில் ஒரு நாள் போய்வரட்டும். பத்து வழியையும் ஒன்றாகத் தொடங்கினால் மூன்றாம் நாளே எல்லாம் நின்றுபோகும். 'எல்லாம் செஞ்சு பாத்தாச்சு, இனி இந்த மனுசனோட ஆகாது' என்ற முடிவுதான் மிஞ்சும். அதனால் ஒரே ஒரு வேலையை, அலுப்போடும் செய்யக்கூடிய சின்ன வேலையை எடுத்துக்கொண்டு, அதை மாதக்கணக்கில் விடாமல் செய்வதே மேல் என்கிறேன்.

இதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஈலை ஃபிங்கலும் அவர் குழுவினரும் சிகாகோ வட்டாரத்தில் 120 தம்பதியரை இரண்டு ஆண்டுகள் கவனித்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் எல்லோருக்குமே மணவாழ்வின் நிறைவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இரண்டாம் ஆண்டில் பாதிப் பேருக்கு மட்டும் ஒரு வேலை கொடுத்தார்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஏழு நிமிடம், அண்மையில் வந்த ஒரு சண்டையைப் பற்றி எழுத வேண்டும். இருவருக்கும் நல்லது நினைக்கிற மூன்றாம் மனிதர் ஒருவர் அதை எப்படிப் பார்ப்பார் என்று யோசித்து எழுத வேண்டும். ஆண்டுக்கு மொத்தம் 21 நிமிடம். அவர்களிடம் அந்தச் சரிவு நின்றது, மற்றவர்களிடம் தொடர்ந்தது. சண்டையின் எண்ணிக்கை குறையவில்லை, அதனால் உண்டாகிற மனவேதனைதான் குறைந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். சண்டையே வராத வீடு யாருக்கும் வாய்க்காது. அது மனதில் தங்கிப் புண்ணாகாமல் இருந்தால் போதும்.

'சிகாகோ கணக்கு சின்னமனூருக்குப் பொருந்துமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தத் தம்பதிகள் பிரிவின் விளிம்பில் நின்றவர்களும் அல்ல. தாய்வீட்டுக்குப் போய் ஆறு மாதமான பெண்ணுக்கு இந்த ஏழு நிமிடம் மட்டும் போதும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் முறை என்னவோ நமக்கு அந்நியமில்லை. இங்கே பன்னீர் திராட்சைக் கொடி கவாத்து வெட்டிய நான்கு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடுகிறது. கவாத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டாலே கணக்குச் சரியாகிவிடும். எழுத வராவிட்டால் யோசித்துப் பார்த்தாலும் ஓரளவு பலன் இருக்கலாம். அந்த மூன்றாம் மனிதர் மாமியாராகவோ மச்சானாகவோ இருக்க வேண்டாம், அவ்வளவுதான். கற்பனையில் இல்லாமல் நேரிலேயே ஆளைக் கூப்பிட்டாலும் கூட்டம் வேண்டாம். பஞ்சாயத்தில் பத்துப் பேர் கூடினால் பேச்சு நடந்த சண்டையை விட்டுவிட்டு, சீர்வரிசை, பழைய அவமானம் என்று வளர்கிறது. பெரியவர் வேண்டுமென்றால் இரு வீட்டாருக்கும் பொதுவான ஒருவர் போதும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. கூலியெல்லாம் டாஸ்மாக்கில் கரைகிற வீட்டில், அடி விழுகிற வீட்டில் எழுதி என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. குடிக்கு மருத்துவம் வேண்டும். மூன்றாம் மனிதர் பார்வையில் யோசித்துப் பார் என்று அடிபட்டவளிடம் சொல்வது கொடுமை. எளிய வழி என்பது இருவரும் பயமில்லாமல் ஒரே வீட்டில் உட்காரக்கூடியவர்களுக்குத்தான். மற்றவர்களுக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181. கட்டணமில்லை, இரவிலும் அழைக்கலாம்.