இழுக்குமா, நிற்குமா?

திருவரங்குளத்துக்காரர் ஒருவர் கடற்படகைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று உங்களிற் சிலர் வியக்கலாம். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் உள்ள எங்கள் ஊரில் பழமையான சிவன் கோயில் உண்டு, கடல் இல்லை. ஆயினும் எங்கள் மாவட்டத்தின் கிழக்கு ஓரம் பாக் நீரிணையில் கால் நனைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் அங்குள்ள மீன்பிடி ஊர்கள்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்துத் தென்னைகளையும் பலா மரங்களையும் வீழ்த்திய அதே காற்று, கரையோரப் படகுகளையும் உடைத்தது. சில வாரங்கள் கழித்து என்னிடம் முன்னர்ப் பயின்ற ஒருவர் வீட்டுக்கு வந்தார். தவணைக்கு வாங்கிய சிறு சரக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவர். அவர் தமக்கை கடலோர ஊரில் வாழ்க்கைப்பட்டவர். அக்குடும்பத்தின் கண்ணாடியிழைப் படகு அடிப்புறம் பிளந்து கிடந்தது. அதைப் பட்டறைக்குக் கொண்டு சேர்த்தாலன்றி அவ்வீட்டில் வருமானம் இல்லை.

“ஐயா, இரவலாக ஒரு டிரெய்லர் கிடைத்திருக்கிறது. படகு ஒன்றேகால் டன் கூட இராது. என் வண்டி இழுத்துவிடும் அல்லவா?” என்று கேட்டார்.

“இழுக்கும், தம்பி. நிறுத்துமா?” என்றேன்.

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இக்கேள்வியின் பொருள் விளங்கும். வடம் பிடிக்க ஊரே திரளும். முட்டுக்கட்டை போடத் தேர்ந்த கை வேண்டும். திருவாரூர் ஆழித்தேரின் எடை ஏறத்தாழ 300 டன். அதற்குத் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களோடு நீரியல் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தனர். வடம் பிடிக்க ஆள் இல்லாமலா அதைச் செய்தார்கள்?

இருவரும் தாளும் பென்சிலுமாக அமர்ந்தோம். படகின் வெற்றுடல் 1,200 கிலோ. அது மட்டுமா வருகிறது? எஞ்சின் 150, வலை, கயிறு, நங்கூரம் 250, புயல் கொண்டுவந்து நிரப்பிய சேறும் மணலும் குறைந்தது 100. டிரெய்லரின் சொந்த எடை 500. பெரும்பாலோர் மறந்துவிடுவது இதைத்தான். ஆக 2,200 கிலோ. இழுக்கும் வண்டியோ, ஓட்டுநரும் துணைக்கு இருவரும் சேர்ந்து 1,950 கிலோ. இழுபடுவது இழுப்பதை விடக் கனமானது! இத்தகைய கணக்கை எடைமேடையில் ஒரு முறை ஏற்றிச் சரிபார்ப்பது நன்று. மிதக்கும் படகாயின் ஆர்க்கிமிடீசைத் துணைக்கு அழைக்கலாம்: படகு விலக்கும் கடல்நீர் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஏறத்தாழ 1,025 கிலோ. பிளந்து கிடக்கும் படகுக்கு அவ்வழி இல்லை.

அந்த டிரெய்லரில் பிரேக்கு இல்லை. எனவே நான்கு டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை, 1,950 கிலோ தாங்கும் டயர்கள் மட்டுமே சாலையைப் பற்றி நிறுத்த வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் 0.7 என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, தனியே வந்தால் பிரேக்கு பிடித்த இடத்திலிருந்து சுமார் 20 மீட்டரில் நிற்கும். படகோடு வந்தால் 43 மீட்டர். மழையில் குணகம் 0.4 ஆகக் குறைந்தால் 75 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு மிதியில் கால் வைப்பதற்குள் கடந்துவிடும் தூரம் இதில் சேரவில்லை. ஆலங்குடிச் சாலையில் பள்ளி விடும் நேரத்தில் 43 மீட்டருக்குள் எத்தனை பிள்ளைகள் குறுக்கே வருவார்கள் என்பது அவருக்கும் தெரியும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

பாரம் எங்கே அமர்ந்திருக்கிறது என்பது அடுத்த செய்தி. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு முன்புறக் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். படகுக்கோ எஞ்சின் பின்புறம். வலையையும் வசதிக்காக அங்கேயே குவிப்பார்கள். பின்பாரம் மிகுந்தால் கொக்கி மேலெழும். வேகம் ஏற ஏற டிரெய்லர் பாம்பின் வால்போல் இருபுறமும் ஆடி, இழுக்கும் வண்டியையும் புரட்டிவிடக்கூடும். முன்பாரம் மிகுந்தாலும் கேடே: வண்டியின் பின்புறம் தாழ்ந்து முன் சக்கரங்கள் தரையில் அழுந்தாமற் போகும், பிறகு ஸ்டீயரிங் சொன்னபடி கேளாது.

வண்டியின் கையேட்டைப் புரட்டினோம். இழுசுமை பற்றி ஒரு வரியும் இல்லை. ‘வேண்டாம் என்று எழுதவில்லையே’ என்று வாதிடுவோர் உண்டு. இவ்வளவு இழுக்கலாம் என்று செய்தவர் எழுதாதபோது, இழுப்பதற்காக அது செய்யப்படவில்லை என்றே நான் கொள்வேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்ற சொல்லுள் அடக்குகிறது. இரவல் டிரெய்லருக்குப் பதிவு உண்டா என்று கேட்டேன், அவர் பேசவில்லை.

“டிராக்டர் வாடகை எனக்குக் கட்டாது, ஐயா” என்றார் பிறகு. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வருத்தமாகவே இருந்தது. “டிராக்டரும் ஏறத்தாழ இதே எடைதானே? நானே மெதுவாக ஓட்டினால் என்ன?”

வகுப்பில் கடைசி வரிசையில் இருந்தவர் கேட்ட அருமையான கேள்வி! நிற்கும் தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 60 கிலோமீட்டரை 15 ஆக, அதாவது நான்கில் ஒன்றாகக் குறைத்தால், 43 மீட்டர் பதினாறில் ஒரு பங்காகி மூன்று மீட்டருக்குள் அடங்கிவிடும். அவ்வளவில் அவர் சொன்னது சரியே. ஆனால் டிராக்டரின் இழுகம்பியும் கியரும் மெதுவாகப் பெரும்பாரம் இழுப்பதற்கென்றே அமைந்தவை. இவர் வண்டியிலோ கொக்கியே இல்லை; யாரோ பற்றவைத்துத் தரப்போகும் இரும்புத் துண்டு எவ்வளவு தாங்கும் என்று யார் சான்று தருவது? கரையிலிருந்து ஏறும் சரிவு எட்டுக்கு ஒன்று என்றால், 4,150 கிலோவில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 520 கிலோ விசை, ஏற்றத்துக்கு மட்டுமே வேண்டும். அதுவும் ஈர மணலில். கிளட்ச் கருகிப்போனால் அந்தச் செலவு டிராக்டர் வாடகையோடு நிற்குமா?

முடிவில், சேற்றை வாரிக் கொட்டினார்கள். எஞ்சினும் வலையும் கயிறும் நங்கூரமும், 400 கிலோ, அவருடைய வண்டியிலேயே சரக்காக ஏறின. அதற்குரிய வண்டிதானே அது. வெற்றுப் படகு, பதிவுள்ள வேறொரு டிரெய்லரில் டிராக்டரின் பின்னே சென்றது. பின்னால் வருவோர்க்குத் தெரிய அபாய விளக்கை எரியவிட்டு இவர் தொடர்ந்தார். விடியற்காலையில் புறப்பட்டவர்கள் பட்டறை சேரும்போது வெயில் ஏறியிருந்தது. “மாட்டுவண்டி கூட எங்களை முந்தியது, ஐயா” என்று தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டார்.