கேஸ் ஷீட் - 9: முப்பதும் முப்பத்தேழும்

தற்கொலை ஆபத்தைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரிக்கும் மூன்று கட்டங்களில் போன வாரம் நின்றோம். அவை மருத்துவமனைப் படிவத்துக்குள் நுழைந்த கதையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. இந்த வாரம் தற்கொலை எண்ணம் உள்ளவருக்கான பாதுகாப்புத் திட்டம் எழுதும் முறையைப் பார்ப்பதாக இருந்தது. அதற்குள் அலெக்ஸ் போகார்னி 1983-இல் வெளியிட்ட ஆய்வு கைக்கு வந்துவிட்டது. மூன்று நாளாக வேறெதிலும் மனம் ஓடவில்லை.

போகார்னி, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் இருந்த மனநல மருத்துவர். மனநலப் பிரிவில் அடுத்தடுத்துச் சேர்ந்த 4,800 பேரைப் பல அளவுகோல்களால் மதிப்பிட்டு, சுமார் ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார். அந்தக் காலத்தில் 67 பேர் தற்கொலையால் இறந்தார்கள்.

இனிவரும் கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள். ஆபத்து அதிகம் என்று கணிப்பு பிரித்துக்காட்டியவர்கள் 803 பேர். அவர்களில் இறந்தவர்கள் 30. மற்ற 773 பேர் அப்படி இறக்கவில்லை. ஆபத்து அதிகமில்லை என்று ஒதுக்கிய பக்கத்தில் இறந்தவர்களோ 37. பாதிக்கும் மேல்! அளவுகோல் பொய் சொல்லவில்லை. ஆபத்து அதிகம் என்ற பக்கம் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேர், மற்றப் பக்கம் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் அந்த மற்றப் பக்கத்துக் கூட்டம் ஐந்து மடங்கு பெரியது. கூட்டத்தைப் பற்றி உண்மை சொல்லும் எண், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி வாய் திறப்பதில்லை. போகார்னி இந்தத் தோல்வியை மறைக்காமல் எழுதிவைத்தார். அவர்மீது எனக்குப் பெரும் மரியாதை வந்தது அதனால்தான்.

35 ஆண்டுகள் கழித்து, மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு ஒன்று பிரிட்டனின் 85 அரசு மனநலச் சேவை அமைப்புகளின் ஆபத்து மதிப்பீட்டுப் படிவங்களைத் திரட்டியது. மொத்தம் 156. அமைப்புக்கு ஒன்றாக எடுத்து ஆராய்ந்த 85-இல் 84, அப்போதும் வரப்போவதைக் கணிக்கவே முயன்றன. 2022-இல்தான் நைஸ் என்ற வழிகாட்டு அமைப்பு, அந்த மூன்று கட்டங்களை வைத்துக் கணிக்கவும் வேண்டாம், யாருக்குச் சிகிச்சை என்று முடிவு செய்யவும் வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொன்னது.

என் கோபமெல்லாம் 'குறைவு' என்ற கட்டத்தின் மேல்தான். நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வந்து, யாரிடமும் சொல்லாததைச் சொன்னவர், அந்த ஒரு டிக்கோடு வீடு திரும்புகிறார். தன் பேச்சை யாரும் நம்பவில்லை என்றுதானே அவர் எடுத்துக்கொள்வார்? தற்கொலை எண்ணம் எப்போது வருகிறது, அன்று என்ன நடந்தது, இதுவரை எது தடுத்து நிறுத்தியது என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவைத்தால், அடுத்த ஷிஃப்டில் வரும் நர்ஸுக்குப் பேச்சைத் தொடங்க ஒரு நுனி கிடைக்கும்.

எழுத்து என்றதும் சான் பிரான்சிஸ்கோவின் மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் தொடர்சிகிச்சை வேண்டாமென்ற 843 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, அவரது ஆய்வில் ஐந்தாண்டுகள் சின்னச் சின்னக் கடிதங்கள் போயின. எப்படி இருக்கிறீர்கள் என்ற விசாரிப்புக்கு மேல் எதையும் கேட்காத கடிதங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில், கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை மரணங்கள் கணிசமாகக் குறைந்திருந்தன. இரண்டாம் உலகப் போரில் மோட்டோ ஐரோப்பாவில் இருந்தபோது, சிறிதே அறிமுகமான ஓர் இளம்பெண் விடாமல் கடிதம் எழுதிவந்தாராம். யோசனை அங்கே பிறந்தது.

பாதுகாப்புத் திட்டம் அடுத்த வாரம். பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் உருவாக்கிய அந்தத் தாளில், முதல் வரியை நோயாளியின் வாயிலிருந்தே கேட்டு எழுதவேண்டும்.