மாநிலம் மாறும் காரும் கலிபோர்னியாவின் புகைப் பரிசோதனையும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் கார்களுக்கான புகைப் பரிசோதனையை 2000-ஆம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டது. கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவதை நாடு முழுவதற்குமான சட்டம் தடுத்தாலும், அங்கே பதிவைப் புதுப்பிக்கும்போது பானட்டைத் திறந்து பார்ப்பவர் எவருமில்லை. அதனால் வேகப் பிரியர்கள் காற்று உறிஞ்சும் குழாயை மாற்றுவார்கள், எக்ஸாஸ்ட்டை மாற்றுவார்கள், என்ஜின் கணினியின் நிரலையும் மாற்றுவார்கள். பிறகு வேலை கலிபோர்னியாவுக்கு மாறும். குடியேறி 20 நாட்களுக்குள் காரை அங்கே பதிவு செய்யவேண்டும். அதற்கு ‘ஸ்மாக் செக்’ சான்று வேண்டும். அந்தச் சான்றில்தான் வண்டி சிக்கிக்கொள்ளும்.

சைலன்ஸருக்குள் ஒரு குழாயைச் செருகிப் புகையை அளப்பதுதான் சோதனை என்று பலரும் நினைத்திருக்கிறார்கள். 1976 முதல் 1999 வரை வந்த பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் அது சரி: உருளைகள்மேல் சக்கரத்தை ஓடவிட்டு, மணிக்கு 15 மைல், 25 மைல் வேகங்களில் புகையை அளக்கிறார்கள். 1975-க்கும் அதற்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கும் சோதனையே இல்லை. ஆனால் 2000 முதல் வந்த பெட்ரோல் கார்களில் குழாய் எதுவும் செருகப்படுவதில்லை. பரிசோதகர் கண்ணால் பார்க்கிறார். காரின் கணினியிடம் கேட்கிறார். முக்கியமான வேலை இந்த இரண்டும்தான்.

கணினியிடம் என்ன கேட்கிறார் என்பது புரிய, வினையூக்கி மாற்றி எனும் பெட்டியின் வேலை தெரியவேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். என்ஜினிலிருந்து மூன்று வகை நச்சு வருகிறது: கார்பன் மோனாக்ஸைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்ஸைடுகள். முதல் இரண்டுக்கும் ஆக்ஸிஜனைச் சேர்க்கவேண்டும். மூன்றாவதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிக்கவேண்டும். நேர் எதிரான இந்த இரண்டு வேலைகளையும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய ஒரே பெட்டி ஒரே நேரத்தில் செய்கிறது. இதைவிட அழகான வேதியியல் கருவி சாலையில் வேறு எதுவும் ஓடவில்லை என்பேன்.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை ஒட்டியே என்ஜின் எரியவேண்டும். பெட்டிக்கு முன்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் புகையைக் கவனித்துச் சொல்ல, கணினி நொடிக்கு நொடி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது. கலிபோர்னியாவில் விற்ற 1977 மாடல் வோல்வோ கார்கள் இந்த ஏற்பாட்டோடு முதலில் வந்தன. விகிதம் சற்றே ஊசலாடும்போது பெட்டிக்குள் இருக்கும் சீரியம் ஆக்ஸைடு ஆக்ஸிஜனைச் சேமித்துவைத்துத் திருப்பிக் கொடுக்கிறது.

1996 முதல் பெட்டிக்குப் பின்னாலும் ஒரு சென்சார் கட்டாயமாக இருக்கிறது. முன் சென்சாரின் அளவு ஊசலாட, பின் சென்சார் அமைதியாக இருந்தால் பெட்டி வேலை செய்கிறது. பின்னதும் சேர்ந்து ஊசலாடினால் பெட்டி செத்துவிட்டது, அல்லது கழற்றப்பட்டுவிட்டது. அப்போது ‘செக் என்ஜின்’ விளக்கு எரியும். விளக்கு எரியும் காருக்குச் சான்று கிடையாது.

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையுமே என்று சிலர் முயல்கிறார்கள். விளக்கு அணையும், அதோடு கணினி தன் சுயபரிசோதனைகளின் முடிவுகளையும் மறந்துவிடும். அவை முடியவில்லை என்று தெரிந்தால் பரிசோதகர் திருப்பி அனுப்பிவிடுவார். இன்னும் சிலர் பின் சென்சாரின் வாயை அடைக்கும்படி நிரலையே மாற்றுகிறார்கள். 2021 ஜூலை 19 முதல் அந்த வழியும் அடைபட்டது. நிரலின் அடையாள எண்ணையும் சரிபார்ப்பு எண்ணையும் சோதனைக் கருவி படிக்கிறது. தயாரிப்பாளரின் நிரலாகவோ மாநிலக் காற்றுவள வாரியம் ஏற்ற நிரலாகவோ இல்லையென்றால் கார் தேறாது.

கண்ணால் பார்க்கும் சோதனைமீதுதான் வேகப் பிரியர்களுக்குக் கோபம் அதிகம். வெளியிலிருந்து வாங்கி மாட்டிய காற்றுக்குழாய், டர்போ, கன்வெர்ட்டர் எதுவானாலும், வாரியத்தின் ஒப்புதல் எண் அதற்கு இருக்கவேண்டும். அது இந்தக் காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்தவும் வேண்டும். எண் இல்லையென்றால், எவ்வளவு சுத்தமாக ஓடினாலும் தோல்விதான். “என் கார் விடும் புகை சுத்தம், எண் எதற்கு?” என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமாகத் தோன்றும், ஆனால் விதியே சரி என்று நான் நினைக்கிறேன். சோதனை நடப்பது சூடேறிய என்ஜினில், சில நிமிடங்கள். கன்வெர்ட்டரோ சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடேறிய பிறகுதான் சரியாக வேலை செய்யத் தொடங்கும். காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் வரும் முதல் நிமிடப் புகைதான் மிக மோசம். அதை எந்தப் பரிசோதனை நிலையமும் பார்ப்பதில்லை. ஒப்புதலுக்கு முன் ஆய்வுக்கூடத்தில்தான் அளக்கமுடியும். அந்த அளவீட்டுக்குச் சாட்சியாக நிற்பது அந்த எண்.

கலிபோர்னியாவின் கண்டிப்புக்குப் பின்னால் நீண்ட துயரமும் உண்டு. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் சூழ்ந்தது. எதிரியின் நச்சுவாயுத் தாக்குதலோ என்றுகூட மக்கள் அஞ்சினார்கள். அன்னாசிப்பழ மணத்தின் வேதியியலை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற கால்டெக் விஞ்ஞானி, பின்னர் இந்தப் புகைமூட்டத்தை எடுத்து ஆராய்ந்தார். ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்ஸைடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று காட்டினார். மலைகள் சூழ்ந்த அந்த நகரில், மேலே நிற்கும் வெப்பக் காற்றடுக்கு கீழ்க்காற்றை எழவிடாது. தனக்கென்று கடுமையான விதி வகுக்க அந்த மாநிலத்துக்கு 1967-இல் கூட்டாட்சிச் சட்டம் இடம் கொடுத்தது. வாரியத்தின் முதல் தலைவரானவரும் ஹாகன்-ஸ்மிட்தான்.

என்ஜினையே மாற்றிய காருக்கும் வழி இருக்கிறது. ‘ரெஃப்ரி’ எனப்படும் நடுவரிடம் கொண்டுபோகவேண்டும். புதிய என்ஜின் காரைவிடப் பழைய ஆண்டுடையதாக இருக்கக்கூடாது. தனக்குரிய கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தோடும் இருக்கவேண்டும். தேறினால் கதவுச் சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டிக்கொடுப்பார்.

வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகும் நம்மவர்களில் வண்டிப் பிரியர்களும் உண்டு. உங்களிடம் அப்படி ஒரு கார் இருந்தால், கழற்றிய அசல் பாகங்களை விற்றுவிடாதீர்கள். மாட்டியிருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒப்புதல் எண் உண்டா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். இல்லாதவற்றைக் கழற்றி அசலைப் பூட்டி, அசல் நிரலையும் ஏற்றி, சில நாட்கள் நெடுஞ்சாலையிலும் ஊருக்குள்ளும் ஓட்டிவிட்டுப் பிறகு சோதனைக்குக் கொண்டுபோங்கள்.