முன் சக்கரத்துக்கு டிஸ்க்: மாற்றினால் முழுசாக மாற்றுங்கள்

வடகிழக்குப் பருவமழை வலுத்து, ஆந்திரப் பக்கம் அம்மப்பள்ளி அணையைத் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆறு பெருகும். பள்ளிப்பட்டு வட்டாரத்தின் தரைப்பாலங்கள் முழுகிவிடும். தண்ணீர் வடிய வடிய அந்தப் பாலங்கள் மேலேயே லோடு வண்டிகள் பொதட்டூர்பேட்டைக்கு வரும். நூல் வந்தால்தான் தறி ஓடும், துணிக்கட்டு போனால்தான் காசு. அப்படிக் கடந்து வரும் பழைய டாடா 407 போன்ற வண்டியில் அடுத்த வளைவில் பெடலை மிதித்தால் பிரேக் பிடிக்காது. டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் லைனிங்கை வழுக்க வைத்திருக்கும்.

இதை அனுபவித்த ஓட்டுநர்கள்தான் “முன்னாடி டிஸ்க் போட்டுடலாமா?” என்று ஷெட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2005-இல் வந்த டாடா ஏஸ் என்ற குட்டி யானைக்கே முன் சக்கரத்தில் டிஸ்க் உண்டு. அதைவிடப் பல மடங்கு பாரம் இழுக்கும் பழைய வண்டி நான்கு டிரம்மோடு ஓடுகிறது. இத்தனைக்கும் பிரேக் தொழில் நமக்கு அந்நியமில்லை. பிரேக்ஸ் இந்தியா, ஒரு காலத்தில் ஏர் பிரேக்குக்குப் பேர்போன சுந்தரம் கிளேட்டன் இரண்டும் 1962-இல் சென்னை பாடியில் வேரூன்றியவை. பக்கத்துச் சோளிங்கரிலேயே பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை இருக்கிறது.

டிரம்மின் பலவீனம் சூடு. லோடோடு இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி விரியும். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும், பெடல் உள்ளே போகும். டிஸ்க் வெளிக்காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும். தண்ணீர் பட்டாலும் சுழற்சியில் சிதறிவிடும், மிச்சத்தைப் பேட் வழித்துவிடும். பிரேக் அடிக்கும்போது பாரம் முன்னே சாய்வதால் பெரும்பகுதி வேலை முன் சக்கரத்துக்குத்தான். அதனால் முன்னால் மட்டும் மாற்றினாலே போதும். பெரிய லாரியின் ஏர் பிரேக் வேறு கணக்கு. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

ஆனால் காலிப்பரையும் டிஸ்க்கையும் பூட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. டிரம்மில், சுழலும் டிரம்மே முன்ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, முழு அழுத்தமும் காலிலிருந்தே வர வேண்டும். பூஸ்டர் கட்டாயமாவது அதனால்தான். பூஸ்டருக்கு வாக்குவம் வேண்டும். டீசல் எஞ்சினில் அது தானாகக் கிடைக்காது. அதற்கான பம்ப் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும். அந்தப் பம்ப் தேய்ந்திருந்தால் புது டிஸ்க்கும் பழைய டிரம்மைவிட மோசமாகத்தான் நிற்கும்.

நீங்களே சோதிக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் கல்லாகும் வரை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: இரண்டு மூன்று மிதியில் பூஸ்டரின் துணை தீர்ந்துவிடும்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கான சிலிண்டர் பலவற்றில் லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கும். டிரம்மில் ஸ்பிரிங் ஷூவைத் திரும்ப இழுத்துவிடும். காலிப்பரில் அந்த ஸ்பிரிங் இல்லை. வால்வை அப்படியே விட்டால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடி, சக்கரம் கொதிக்கும். காலிப்பர் பிஸ்டனைத் தள்ள ஆயிலும் அதிகம் வேண்டும். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் சரியாக அமைய வேண்டும். இல்லையென்றால் காலி வண்டியில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு, வண்டி குறுக்கே திரும்பிவிடும். ரிம்முக்குள் காலிப்பர் இடிக்காமல் சுழல்கிறதா என்பதைச் சாமான் வாங்கும் முன்பே அளந்து பார்க்க வேண்டும்.

பழைய இரும்புக் கடையில் கிடைத்த காலிப்பரை வெல்டிங் வைத்துப் பொருத்துவதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. அந்த வெல்டிங் விட்டுப்போகும் இடம் ஒரு பள்ளிக்கூட வாசலாகவும் இருக்கலாம். அதே ரக வண்டியின் டிஸ்க் மாடலிலிருந்து நக்கிள், ஹப், காலிப்பர், மாஸ்டர், பூஸ்டர் எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுத்துப் போடுவதே சரி. அதற்குப் பணம் இல்லையென்றால் புது லைனிங், புது வீல் சிலிண்டர், கடைந்த டிரம், புது ஆயில் போட்டு இருப்பதைச் செம்மையாக்குங்கள். நல்ல டிரம், அரைகுறை டிஸ்க்கைவிட ஆயிரம் மடங்கு மேல்.

சட்டத்தையும் பாருங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எட்டு ஆண்டு தாண்டிய லோடு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனை உண்டு. எனவே கைவைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

மாற்றி முடித்ததும் பிரேக் லைனிலிருந்து ஏர் எடுத்து, முதலில் காலி வண்டியாகவே ஓட்டுங்கள். மிதமான வேகத்தில் பல முறை நிறுத்தினால் பேட் டிஸ்க்கோடு படியும். சில கிலோமீட்டர் போய் நிறுத்தி, இரண்டு முன் ஹப்புகளின் அருகிலும் தொடாமல் கையைக் காட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் கூடுதலாக வீசினால் காலிப்பர் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பாவு ஏற்றாமல் வண்டியை ஷெட்டுக்கே திருப்புங்கள்.