உயர்ந்த மரத்தில் கயிறேற்றும் முறை

ஐம்பது அடிவரை கிளையில்லாத மரத்துக்கு ஏணி எட்டாது. காய்ந்த கிளையைக் கழிக்க ஏறுபவர் உயிரைப் பணயம் வைத்தே ஏறுகிறார். தரையில் நின்றவாறே கிளைமேல் கயிறு செலுத்தும் முறையை அங்கத்தினர்கள் அறிவது அவசியமெனக் கருதி இதனை எழுதுகிறோம்.

ஈயக்குண்டு நிறைத்த, சுமார் 300 முதல் 450 கிராம் எடையுள்ள சிறு பையும், 2 மில்லிமீட்டர் பருமனுள்ள வழுக்குக் கயிறுமே சாதனங்கள். தேர்ந்தவர் கையால் வீசினால் 50, 60 அடி செல்லும். நீண்ட கோலின் நுனியில் பொருத்திய பெரிய உண்டிவில்லோ 100 அடிக்கு எட்டவைக்கும். கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களில் ஆராய்ச்சியாளர் அம்பில் தூண்டில் நரம்பைக் கட்டி எய்து, அதைக்கொண்டு கயிறேற்றுகின்றனர்.

பை கிளையைத் தாண்டி இறங்கியதும், மெல்லிய கயிற்றின் முனையில் ஏறுகயிற்றைப் பிணைத்து இழுக்க வேண்டும். பிணைப்புத் தடித்தால் கவட்டில் சிக்கும். பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைக்கும் நெசவாளர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஒரு முனையை அடிமரத்தில் கட்டி மறுமுனையில் ஏறினால், கிளைமேல் விழும் பாரம் ஏறுபவர் எடையைப்போல் ஏறக்குறைய இருமடங்காகும். ஆதலின் பசுமையான, பருத்த கிளையையே தேர்ந்து, தண்டையொட்டிக் கயிறிட்டு, தரையிலிருந்து இருவர் சேர்ந்து தொங்கிச் சோதித்த பின்னரே ஏறுதல் வேண்டும். சிக்கிய கயிற்றைக் கையில் சுற்றி வெட்டியிழுத்தல் கூடாது. விடுபட்ட பை இழுப்பவர் முகத்தையே தாக்கும். மின்கம்பியருகே இம்முறை அறவே ஆகாது. கயிறேற நாழிகை சென்றாலும், ஏறியவர் நலமாய் இறங்குவதே நமக்கு ஆதாயம்.