புறப்பட மறுக்கும் கார்

நோயாளியொருவரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லவேண்டிய வேளையிலே, திறப்பைத் திருப்பியும் கார் அசையாது நின்றுவிட்டால், பற்றறி கெட்டுவிட்டது என்று தீர்ப்பளிப்பதே பலரது வழக்கம். புதிய பற்றறி வாங்கிப் பூட்டிய பின்னரும் சில கார்கள் புறப்படுவதில்லை. குறை வேறோரிடத்தில் இருந்தமையே அதற்குக் காரணமாகும்.

தொடக்கத்தில் கார் எஞ்சினைக் கைப்பிடியாற் சுழற்றியே கிளப்பினர். அமெரிக்கரான சாள்ஸ் கெற்றறிங் ஆக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் கார்களில் இடம்பெற்ற பின்னர், அவ்வேலை படிப்படியாக மின்சாரத்தின் பொறுப்பாயிற்று.

இக்காலக் கார்களில், திறப்பைத் திருப்பியதும் சிறியதொரு மின்னோட்டம் சொலினோயிட் என்னும் காந்த ஆளியை அடைகின்றது. அது 'டக்' என்னும் ஓசையுடன் இழுபட்டு, பெரிய தொடுகைகளை இணைக்கின்றது. உடனே 100 முதல் 200 அம்பியர் வரையான மின்னோட்டம் தடித்த கம்பி வழியே ஸ்டார்ட்டர் மோட்டாரை அடைந்து, எஞ்சினின் உலோக உடல் வழியாகப் பற்றறிக்கு மீள்கின்றது.

குறையறிய விரும்புவோர், கியரை நியூட்டிரலில் விட்டு, கைத்தடையை இழுத்து, காரின் உள்விளக்கை ஏற்றிக்கொண்டு திறப்பைத் திருப்புதல் வேண்டும். ஓசை எதுவுமின்றி விளக்கு மங்காது எரிந்தால், சிறிய மின்னோட்டம் சொலினோயிட்டை அடையவில்லை எனலாம். திறப்பு ஆளி, பியூஸ், மெல்லிய கம்பி ஆகியவற்றை ஆராய்தல் தகும். 'டக் டக்' என விரைந்து ஒலித்து விளக்கு மங்கினால், பற்றறியில் மின்னேற்றம் குறைந்திருக்கலாம். அன்றேல் அதன் முனைகள் தளர்ந்தோ பூத்தோ இருக்கலாம். ஒரே 'டக்' கேட்டு விளக்கு மங்காதிருப்பின், சொலினோயிட்டின் தொடுகைகளோ மோட்டாரின் கரித்துண்டுகளோ தேய்ந்திருக்கக்கூடும். ஒரே 'டக்' கேட்டு விளக்கு மிக மங்கினால், மோட்டார் இறுகியிருத்தலும் கூடும்.

திறப்பைத் திருப்புமுன் விளக்கு நன்கு எரிவது மட்டும் போதிய சான்றன்று. பூத்த முனையொன்றில் 0.01 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 1 அம்பியர் பெறும் விளக்குக்கு அதனால் நேரும் இழப்பு 0.01 வோல்ற்றே. 200 அம்பியர் பாயும்போதோ 2 வோல்ற்று இழக்கப்படும். எனவே விளக்கு ஒளிரும்; மோட்டார் சோரும்.

வோல்ற்றுமானி இதனை உறுதிப்படுத்தும். முழு மின்னேற்றமுள்ள 12 வோல்ற்றுப் பற்றறி, ஓய்விலே ஏறக்குறைய 12.6 வோல்ற்றுக் காட்டும். எஞ்சினைச் சுழற்றும்போது 9.6இற்குக் கீழே விழுமாயின் பற்றறியை ஐயுறலாம். மானியின் ஒரு முனையைப் பற்றறியின் ஈயக்கம்பத்திலும், மற்றதை அதன் கவ்வியிலும் வைத்துத் திறப்பைத் திருப்புக. காட்டுவது சுழியத்தை ஒட்டியிருந்தால் இணைப்பு நன்று. அரை வோல்ற்றுக் காட்டினால், முனையைச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்குவதே மருந்து.

துப்புரவாக்கும்போது எஞ்சின் உடலோடு இணைந்த கம்பியை முதலிற் கழற்றிக் கடைசியிற் பூட்டுதல் வேண்டும். பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவருமாதலால் அருகில் நெருப்பு ஆகாது. எஞ்சினைப் பெரிய மின்பற்றறி சுழற்றும் ஹைபிரிட் கார்களுக்கு இச்சோதனைகள் பொருந்தா. அவை பயின்ற கைகளுக்கே உரியன.

மின்னோட்டம் செல்லும் பாதையை அடியிலிருந்து நுனிவரை ஒழுங்காகச் சோதிப்பவருக்கு, வீண்செலவும் வேளைக்கேடும் பெரும்பாலும் நேரா.